அதே குரல்

“உங்க வீட்டுக்காரர் எங்ககிட்ட இருக்காரு மேடம். கத்தினீங்கன்னா அவர் கதை முடிஞ்சுது.”

பாகீரதி ரிசீவர் நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கர்நாடகமே தலையில் வைத்துக் கொண்டாடும் நடிகர் ஸ்ரீகண்டனின் மனைவி அவள். மல்லேஸ்வரம் வீட்டுக்கு மிரட்டல் போன் வருவது இதுதான் முதல் தடவை.

“ஸ்டுடியோவ விட்டு வந்த வெள்ளைக் காரை மடக்கிட்டோம். ஆனா ஸ்வல்ப டவுட்டு. விக் இல்ல, மீசை இல்ல, கன்னம் ஒட்டிக் கெடக்குது. சினிமாவுல பாத்த ஆளே இல்ல.”

“மேக்கப் கலைச்சா எல்லாரும் அப்படித்தாங்க.” பாகீரதி அவசரமாகச் சொன்னாள்.

“நானும் அதான் சொன்னேன். அவார்டு வாங்கின படத்துல கோர்ட் வசனம் இருக்கே, அதப் பேசச் சொன்னேன். அதே குரலு. மேடையில மைக் குடுத்தா கும்பிடு போட்டுட்டு உக்காந்துடுவாரு, இங்க மடமடன்னு பேசறாரு.” ரசிகனின் குழைவு ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. “ஆனா எங்க பசங்க நம்பல. வேற எவனாவதுன்னா, எங்க மூஞ்சியப் பாத்தவன வெச்சிக்கிட்டு என்ன பண்றது? பீன்யா ஃபேக்டரிங்க பின்னாடி பாழுங்கெணறு இருக்கு. நீங்களே கேட்டுச் சொல்லுங்க.”

ஒரு வார்த்தை பிசகினால் ஓர் உயிர் போய்விடும்.

போனில் மூச்சு இரைத்தது. தியேட்டரில் விசில் பறக்கவைக்கும் அந்தக் கம்பீரக் குரல் கெஞ்சியது.

“பாகீரதி, நான்தான்னு சொல்லு. சொல்லு பாகீரதி.”

அந்தக் குரல் அவளை இதுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. உயிர்ப்பயம் வந்துவிட்டால் மனுஷனுக்கு முறையாவது வழக்கமாவது. அவள் உடைந்து அழுதாள். கேமரா முன்னால் ஒருநாளும் நிற்காதவள். அந்த அழுகையில் துளியும் நடிப்பில்லை.

“அவரேதாங்க. என் புருஷன்தான். இத்தனை வருஷமாக் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? உங்க கால்ல விழறேன், அவர் மேல ஒரு கீறல் விழக் கூடாது.”

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“அப்போ சரி. டேய், கட்ட அவுத்துட்டு சாருக்கு டீ குடுங்கடா.” பிறகு அவளிடம் சொன்னான். “எங்களுக்கு என்ன வேணும்னு சாயங்காலம் சொல்றோம். போலீசு கீலீசுன்னு போனீங்க, அவ்வளவுதான்.”

லைன் அறுந்தது. சோபாவில் உட்கார்ந்த பாகீரதி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியைப் பார்த்தாள்.

“ஏங்க, உங்களுக்கு டப்பிங் பேசற ஓஸ்வால்ட நம்ம கார்ல அனுப்பினோமே, நீங்கன்னு நெனச்சு அவரைத் தூக்கிட்டாங்க. அவர் உயிரோட திரும்பற வரைக்கும் நீங்க ஜன்னல் பக்கம்கூடப் போகாதீங்க.”