பொறுப்பு நிற்பவர்

“போன முறை பொறுப்பு நிண்டவர் பெரிய உத்தியோகத்தர், பிள்ளை. முத்திரை குத்தித்தான் கையெழுத்து வைச்சவர். குடியிருந்தவை சொல்லாமல் அறையைப் பூட்டித் திறப்போடை போன பிறகு அவருக்குப் போன் எடுத்தன். ‘அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது’ எண்டிட்டார். அதாலை இந்த முறை ஆளை விசாரிக்காமல் அறை தரமாட்டன்.”

சுகிர்தம் ரீச்சர் சாவகச்சேரியில் முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஓர் அறையை வாடகைக்கு விடுவதற்கும் அதே ஒழுங்கைக் கடைப்பிடித்தார்.

எதிரே இருந்த ஜெசிதா, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக நியமனம் பெற்ற தாதி.

“விசாரியுங்கோ ரீச்சர். ஆனால் திங்கட்கிழமை தொடக்கம் எனக்கு வேலை முடிய இரவாகும். அதுக்குப் பிறகு பருத்தித்துறைக்குப் பஸ் இல்லை. இடம் கிடைக்காட்டி இந்த வேலையை விடத்தான் வேணும்.”

ரீச்சர் அவள் நிரப்பிக் கொடுத்த தாளைப் பார்த்தார். கிறிஸ்துநாயகம், பருத்தித்துறை. கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

“ஆர் இவர்?”

“அப்பாவோடை ஒரே வள்ளத்திலை போனவர். அப்பா கடலிலை தவறின பிறகு என்னைப் படிப்பிச்சவர். உங்கடை வீட்டிலை அறை இருக்கெண்டு சொன்னதும் அவர்தான்.”

“சனிக்கிழமை முடிவு சொல்லுறன்.”

பொறுப்பு நிற்பவரைப் பற்றி அவரிடமே கேட்கக் கூடாது என்பது ரீச்சரின் விதி. தன்னைப் பற்றி எவரும் குறை சொல்வதில்லை. ஆகவே, பருத்தித்துறையில் இருந்த பழைய மாணவன் ஜெபசீலனை அழைத்து விசாரித்தார்.

“அந்தப் பேரிலை எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர், ரீச்சர். ஒராள் கனடாவிலை. மற்றவர் செத்துச் சேமக்காலையிலை.”

சனிக்கிழமை காலை, வாசல் படலையடியில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிப் பருத்தித்துறையில் இருந்து வருபவர்; பதினேழு ஆண்டுப் பழக்கம்.

“விளைமீன் இருக்கு ரீச்சர். பாரை வேண்டாம், அது நேற்றையான்.”

மீனை வெட்டக் கொடுத்துவிட்டு, ரீச்சர் தாளை எடுத்தார்.

“உம்மடை ஊரிலை கிறிஸ்துநாயகம் எண்டு ஒருவரைத் தெரியுமே? முந்திக் கடற்றொழில் செய்தவராம்.”

மீன்காரரின் கத்தி நின்றது.

“ஏன் ரீச்சர்?”

“அறைக்கு வாற பிள்ளைக்கு அவர் பொறுப்பாம். அவரிட்டைக் கேட்டால் தான் நல்லவன் எண்டுதானே சொல்லுவார்? அதாலைதான் உம்மட்டைக் கேக்கிறன். ஒளிக்காமல் சொல்லும்.”

அவர் சற்று யோசித்தார்.

“கேளுங்கோ.”

“சொந்தக் காணி இருக்கோ?”

“இல்லை. மாமியாற்றை காணியிலைதான் வீடு.”

“படிப்பு?”

“அஞ்சாம் வகுப்பு.”

“குடிப்பாரோ?”

“முந்தி நல்லாய்க் குடிச்சவர். இப்ப இல்லை.”

“வள்ளமாவது சொந்தமோ?”

“இருந்தது. வித்திட்டார்.”

“ஏன்?”

“அது அவற்றை சொந்த விசயம், ரீச்சர்.”

“சரி, சொன்ன சொல்லுக்கு நிப்பாரோ?”

மீன்காரர் மீனைப் புரட்டிப் போட்டார்.

“அதை நான் சொல்லக் கூடாது. மற்றாக்கள்தான் சொல்லவேணும்.”

ரீச்சர் பெருமூச்சு விட்டார்.

“பார்த்தீரே, ஊர்க்காரன் நீரே அதைச் சொல்லப் பின்னடிக்கிறீர். காணியும் இல்லை, வள்ளமும் இல்லை. பிள்ளை பாவந்தான், ஆனால் உப்பிடி ஆளின்ரை கையெழுத்தை நம்பி எப்பிடி அறையைக் குடுக்கிறது?”

அவர் வெட்டிய துண்டுகளைச் சட்டியில் போட்டார்.

“உம்மைப்போல ஒராள் பொறுப்பெண்டால் நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்கமாட்டன். பதினேழு வருசத்திலை ஒரு நாளாவது பழுதான மீன் தந்தீரே? இண்டைக்கும் பாரை நேற்றையான் எண்டு நீராய்த்தானே சொன்னனீர்?”

மறுப்பதாக இருந்தாலும் உரியவரிடம் நேரே தெரிவிக்க வேண்டும். அதுவும் ரீச்சரின் விதி. தாளில் இருந்த இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்தி, தொலைபேசியைக் காதில் வைத்தார்.

மீன்காரரின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவர் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, தொலைபேசியை எடுத்தார்.

“ஓம் ரீச்சர், கிறிஸ்துநாயகம்தான் கதைக்கிறன். பிள்ளைக்கு நானே சொல்லிவிடுறன். நீங்கள் கவலைப்படாதையுங்கோ.”

பதினேழு ஆண்டுகளில் அவருடைய பெயரை ரீச்சர் ஒருநாளும் கேட்டதில்லை. தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றவரிடம் அதிலேயே சொன்னார்:

“திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கிறிஸ்துநாயகம். திறப்பை உங்கடை கையிலைதான் தருவன்.”