அழுகை ஒன்று, சிரிப்பு ஒன்று

“அழுங்கம்மா,” என்றான் டிவி நிருபர் நேசக்குமார்.

பிளாரன்ஸ் அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, மூக்கு சிவக்க அழுதாள். கேமராக்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“போதும்மா, பிரமாதம். கண்ணத் துடைச்சிக்கோங்க. இப்போ லட்ட எடுத்துக் கேமரா பக்கம் நீட்டிச் சிரிக்கணும்.”

இறுதி ஆட்டம் இன்னும் தொடங்கவேயில்லை. ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணிக்குக் கோல் காக்கும் அனுஜாவின் வீடு அது. தருவைகுளத்துக் கடற்கரையில் சிக்னலை நம்ப முடியாது. அதனால் ஜெயித்தால் போடச் சிரிப்பையும் தோற்றால் போட அழுகையையும் முன்கூட்டியே எடுத்து அனுப்பிவிடும்படி சேனலில் சொல்லியிருந்தார்கள்.

வேனை விட்டு இறங்கியதுமே நேசக்குமார், வாசலில் பட்டுச் சேலையும் கம்மலுமாக நின்ற பிளாரன்ஸைக் கும்பிட்டு, “அம்மா, மறக்காம வந்துட்டோம் பாத்தீங்களா?” என்று உள்ளே வந்து உட்கார்ந்திருந்தான்.

“போன ஆசியப் போட்டிக்கும் இப்படித்தான் ரெண்டையும் எடுத்தீங்க,” என்றாள் பிளாரன்ஸ், லட்டைக் கையில் வைத்துக்கொண்டு. “புள்ள கடைசி கோல விட்டுட்டா. நீங்க சிரிப்பத் தூக்கிப் போட்டீங்க. நாடே அழுவுது, தாய்க்காரி சிரிக்கான்னு கீழ எழுதி வேற ஓட்டுனீங்க.”

“அது டெக்னிக்கல் மிஸ்டேக்மா. ஆபீஸ்ல எவனோ மாத்தி அமுக்கிட்டான்.”

“கீழ எழுதுனதும் மாத்தி அமுக்குனதுதானா தம்பி?”

நேசக்குமார் குனிந்து மைக்கின் வயரைச் சரிசெய்தான்.

“புள்ளய டீம விட்டே தூக்குனாவ. திரும்ப உள்ள போக என்ன பாடு பட்டா தெரியுமா? பெத்தவ மீன் ஏலத்துக்குப் போனா, எங்க ஒரு சிரிப்பு சிரி பாப்போம்னு கேட்டானுவ. கோயிலுக்குப் போறதயே விட்டாச்சு.”

“இன்னிக்கு எல்லாத்தையும் மாத்திருவோம்மா. அன்னிக்கு வந்ததும் நான்தான். உங்க முகம் எனக்கு மறக்குமா?”

“எப்படி மறக்கும்? எத்தன வாட்டி போட்டீங்க.”

அடுப்படியிலிருந்து நரைத்த தலையும் வெளுத்த சேலையுமாக ஒருத்தி தேநீர் கொண்டுவந்தாள். “அக்கா, ஃப்ரேம்ல விழுறீங்க. டீய வச்சிட்டுக் கேமராவுக்குப் பின்னால போயிருங்க,” என்றான் நேசக்குமார். அவள் தம்ளர்களை வைத்துவிட்டு அங்கே போய் நின்றுகொண்டாள்.

“தம்பிக்குப் புள்ளைக உண்டா?” பிளாரன்ஸ் விடவில்லை.

“ஒரு பொண்ணும்மா. ஸ்கேட்டிங் போறா.”

“பாத்து விடுங்க. விழுந்தா தூக்கதுக்கு முன்ன படம் புடிக்க எவனாச்சும் நிப்பான்.”

கேமராக்காரர் இருமினார். நேசக்குமார் தேநீரை ஊதிக் குடித்தான்.

ஆட்டம் தொடங்கியது. கொரியா ஒன்று, இந்தியா ஒன்று. அதற்குமேல் யாரும் அசையவில்லை. கடைசியில் ஷூட்-அவுட்டுக்குப் போனது. அதில் இந்தியா ஒரு கோல் முந்தி நிற்க, கொரியாக்காரி ஒருத்தி மட்டும் மிச்சம். அவளைத் தடுத்துவிட்டால் தங்கம்.

பிளாரன்ஸ் டிவியைப் பாதியும் நேசக்குமாரைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவுக்குப் பின்னால் நின்றவளோ அப்படியே தரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

கொரியாக்காரி பந்தை இடப்பக்கம் தள்ளினாள். அனுஜா பாய்ந்து விழுந்தாள். மட்டையின் நுனியில் பட்டுப் பந்து வெளியே ஓடியது. தெருவில் சரவெடி கிளம்பிவிட்டது.

நேசக்குமாரின் காதுக்கருவிக்குள் சேனலின் செய்தி ஆசிரியர் கத்தினார். “நேசன், அந்தப் பொண்ணு மத்த மைக்கையெல்லாம் தள்ளிட்டு நேரா மைதானத்துல நிக்கிற நம்ம ஆள்கிட்ட வந்து நிக்குது. உங்க ஆளு வீட்லதான இருக்காரு, வீட்டக் காட்டுங்கன்னு கேக்குது. சிக்னல் நல்லாருக்கு. லைவ் போறோம்.”

திரையில் ஒரு பாதியில் பிளாரன்ஸ், மறுபாதியில் வியர்வை வழிய அனுஜா. கீழே ‘தாயும் மகளும், நம் சேனலில் மட்டும்’ என்று எழுத்து ஓடியது. மற்ற சேனல்களும் அதையே எடுத்துப் போடத் தொடங்கியிருந்தன.

நேசக்குமாரின் குரல் தழுதழுத்தது. “நேயர்களே, இந்தத் தாய் பட்ட வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். இன்று அந்தக் கண்ணீருக்குப் பதில் கிடைத்திருக்கிறது. அனுஜா, இதோ உங்க அம்மா. பேசுங்க.”

யாரும் சொல்லாமலே பிளாரன்ஸ் அழத் தொடங்கினாள். இந்த முறை இன்னும் நன்றாக வந்தது.

அனுஜா திரையை உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

“சார், கேமராவ அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. எங்க அம்மா அங்கன நிப்பாவ.”

கேமராக்காரர் யோசிக்காமல் திருப்பிவிட்டார். நரைத்த தலையும் வெளுத்த சேலையுமாக, கையில் காலித் தம்ளர்களோடு அவள் நின்றாள். போன ஆசியப் போட்டியில் தோற்ற அன்று, சிரிக்கிறாள் என்று நாள் முழுக்க நாட்டுக்கே போட்டுக் காட்டிய முகம் அது.

“அப்போ... இவங்க?” மைக் ஓடிக்கொண்டிருப்பதே நேசக்குமாருக்கு மறந்துபோயிற்று.

அனுஜா இப்போதுதான் சிரித்தாள்.

“எங்க பெரியம்மா. நல்லா நடிச்சாவளா சார்?”