குருவிக்கூட்டுக் கொண்டை

மாமியாரைத் தொலைத்துவிட்டார்கள்.

ரயில் மாறுகிற இடம். ஒரே நேரத்தில் இரண்டு ரயில்கள் வந்து கொட்டிய கூட்டம். முன்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு மகன். நடுவில் மருமகள். பின்னால் மாமியார். படி இறங்கித் திரும்பிப் பார்த்தால் பின்னால் வந்தது யாரோ ஒரு மீசைக்காரர்.

"அம்மா எங்கே?"

"பின்னாலதாங்க வந்தாங்க. கையைப் பிடிச்சேன், 'நான் என்ன குழந்தையா'ன்னு உதறிட்டாங்க."

மகன் போன் அடித்தான். அவன் தோளில் தொங்கிய பைக்குள்ளேயே மணி அடித்தது. காலையில் சார்ஜ் போட்டு உள்ளே வைத்தவன் அவனேதான். மருமகள் இதைச் சொன்னால் கத்துவான்.

மாமியாருக்கு இதுதான் முதல் பயணம். 'அடுத்த வருஷம் போகலாம்' என்று சொல்லிச் சொல்லியே மாமனார் காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இப்போது மகன் கூட்டி வந்திருக்கிறான். அதற்கும் ஒரு நிபந்தனை. போன மாதம் வாசற்படியில் அம்மா தடுக்கி விழுந்ததிலிருந்து அவனுக்குப் பயம். "வழியில ஏதாவது தடுமாற்றம் தெரிஞ்சுது, அன்னிக்கே வீட்டுக்குத் திரும்பிடுவோம்." அம்மா தலையாட்டினார். கடல் பார்க்கவேண்டும் அவருக்கு.

வழி முழுக்கப் பேச்சு மருமகளின் தலையைப் பற்றித்தான்.

உடையில் குற்றம் சொல்ல முடியாது. தொளதொளவென்று பருத்திக் கால்சட்டை, பெரிய பைகள் வைத்த சட்டை, தட்டைச் செருப்பு. நாள் முழுக்க நடக்கலாம், பார்க்கவும் பாங்கு. போட்டுக்கொள்ள இரண்டு நிமிஷம். ஆனால் தலை? கறுப்பு வெள்ளைப் படத்துக் கதாநாயகி மாதிரி முன்முடியைச் சுருட்டித் தூக்கி, உச்சியில் கோபுரமாக ஒரு கொண்டை, அதைச் சுற்றி மஞ்சள் துணி. வீட்டில் வெறும் பின்னல்தான். பயணம் கிளம்பிய நாளில் தொடங்கியது இந்தக் கூத்து.

"இது தலையா, குருவிக்கூடா? முட்டை இருக்கான்னு பாருடா." இது மாமியார்.

இன்று காலை மகனுக்கும் பொறுக்கவில்லை. "ஊரே திரும்பிப் பாக்குது. இன்னிக்கு ஒரு நாளாவது மனுஷி மாதிரி வாயேன்."

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமியாரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு பின்னல் போட்டாள்.

இப்போது மாமியாரைக் காணோம்.

விசாரணை ஜன்னலுக்கு ஓடினான் மகன். அங்கே ஒரு வரிசை. நின்று, சொல்லி, ஒலிபெருக்கியில் அறிவிக்க வைத்துத் திரும்பினால், பழக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் அவன் மனைவி. வாய் நிறையக் கொண்டை ஊசி. கை இரண்டும் தலையில்.

"எங்கம்மாவைக் காணோம்னு நான் நாயா அலையறேன், உனக்குச் சிங்காரம் கேக்குதா?"

வாயில் ஊசி.

பழக்கடைக்காரர் உச்சுக்கொட்டினார். "அவங்க மாமியார்தானே காணோம்? அப்படித்தான் இருக்கும்."

அவள் மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டினாள். கடைசி ஊசி கைதவறிக் கூட்டத்தின் காலடியில் போனது. தேடவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். நடைமேடையே பார்த்தது. மகன் பத்தடி தள்ளிப் போய், யாரோ எவளோ என்பதுபோல் ரயில் அட்டவணையைப் படித்தான்.

சற்று நேரத்தில் அந்தக் கோடியிலிருந்து மாமியார் வந்தார். ஆட்களை இடித்துக்கொண்டு, ஒரு பெட்டியில் இடறி, ஆனால் கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராக. வந்தவர் மகனைத் தாண்டினார். கை நீட்டினால் தொடலாம். அவன் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெஞ்சை நோக்கிப் போய்விட்டார்.

"அம்மா!"

குரல் கேட்டுத்தான் திரும்பினார். "ஓ, நீயும் இங்கதான் இருக்கியா?"

மகன் அம்மாவைப் பார்த்தான். பெஞ்சின் மேல் நின்ற கோபுரத்தைப் பார்த்தான். மஞ்சள் துணியைப் பார்த்தான்.

மருமகள் குதித்து இறங்கினாள். "கூட்டத்துல யாருக்கு யாரைத் தெரியுது? வாங்க அத்தை, ரயில் நிக்குது."

எதிர் நடைமேடையில் வீட்டுக்குத் திரும்பும் ரயிலும் நின்றது. மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகன் பெட்டியைத் தூக்கினான். கடலுக்குப் போகும் ரயிலில் வைத்தான்.

"ஊருக்குப் போனதும் நேரா கண் டாக்டர்."

"போறேண்டா. முதல்ல கடல்."

"இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டுக் கடல்ல என்னத்தம்மா பாப்பே?"

"கடல் பெருசுதானே? அது தெரியும்."

ரயில் நகர்ந்தது. ஓர் ஊசி குறைந்த கொண்டை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஏண்டி, காலையில இதை ஏன் கலைச்சே?"

"நீங்கதானே அத்தை குருவிக்கூடுன்னு..."

"நான் ஆயிரம் சொல்வேன். என்னிக்கு என் பேச்சைக் கேட்டே, இன்னிக்குக் கேக்க? திரும்பி உக்காரு."

தன் நரைமுடியிலிருந்து ஓர் ஊசியை உருவி, விரலால் தடவித் தடவி இடம் பார்த்து, கோபுரத்தை நிமிர்த்திக் குத்தினார் மாமியார்.