உள்ளறைப் பாட்டு

குன்னத்திலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா ஜெகதாம்பாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“பொண்ணு பாடணுங்க. ஆடிப்பெருக்குல எம்மவ மலர் கொள்ளிடத்தோட போனதுலேர்ந்து எங்க வூட்டுல பாட்டே இல்ல.”

பெண்ணின் அப்பா, அரியலூர் முத்துசாமி இதற்குத் தயாராக இருந்தார். சரியாக ஐந்து மணிக்கு வரச் சொன்னதே அதற்காகத்தான்.

“பூங்காவனத்துக்குக் கூச்சங்க. உள்ளேருந்தே பாடும்” என்று மனைவிக்குக் கண்ணைக் காட்டினார்.

சற்று நேரத்தில் உள்ளறையிலிருந்து பாட்டு எழுந்தது.

“மிருதங்கம்கூட கேக்குதே?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா நல்லுசாமி.

“பாட்டு வாத்தியார் ஆளைக் கூட்டிட்டு வந்திருக்காருங்க.”

நல்லுசாமிக்கு முகம் வியர்த்தது. “நேரமாவுது, கெளம்பலாம்” என்று எழுந்துவிட்டார். குட்டு வெளிப்பட்டுவிட்டதோ என்று முத்துசாமி உள்ளறை வாசலை மறைத்து நின்றார். ஜெகதாம்பாளோ அசையவில்லை. அவள் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“இன்னொண்ணு பாடச் சொல்லுங்க.”

அதற்குள் பாட்டு முடிந்தது. யுத்தம் முடிந்த கையோடு வாங்கி, ஊருக்குத் தெரியாமல் வைத்திருந்த ரேடியோவை முத்துசாமியின் மனைவி பதறிப்போய் அணைக்கப் போனாள். குமிழை மாற்றித் திருகிவிட்டாள். ஆண் குரல் ஒன்று வீடெங்கும் முழங்கியது.

“திருச்சி வானொலி நிலையம். இதுவரை பாடியவர், குன்னம் மலர்கொடி.”

முத்துசாமி கூனிக் குறுகிப்போனார். ஆனால் அவரை யாருமே பார்க்கவில்லை.

ஜெகதாம்பாள் மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

“ரேடியோவுல பாடப் போறேன்னு நின்ன நம்ம பொண்ணை, வெள்ளம் கொண்டுபோனதக் கண்ணால பாத்தேன்னு சொன்னீங்களே?”