பழைய அட்டை

"பேருங்க?" என்று மேசைக்குப் பின்னாலிருந்து, அட்டை எழுதும் தாஜுன்னிசா ராசாத்தாளைக் கேட்டாள்.

பல்லடத்திலிருந்து ஆர்.எஸ்.புரம் வரும்வரை பஸ்ஸில் டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தவள், எந்தப் பெயரைச் சொல்வதென்று யோசிக்க மறந்துபோனாள்.

வியாழக்கிழமை மட்டும் திறக்கிற அறை அது. சின்ன வயதில் சீரழிக்கப்பட்ட பெண்களிடம் பேசவென்றே ஒரு டாக்டரம்மா வருவார். வேறு எதற்கும் இங்கே யாரும் படியேறுவதில்லை. அதனாலேயே பெஞ்சில் இருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ராசாத்தாள் முந்தானையைத் தலைமேல் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஒன்பது வயதில், தறிச் சத்தத்துக்கு நடுவில், மாமன் செய்தது. வெளியே சொன்னால் அடுத்தது உன் தங்கச்சிதான் என்று சொல்லியிருந்தான். அப்போது தங்கைக்கு மூன்று வயது.

சொல்லவில்லை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றும் சொல்லவில்லை. தன் மகளுக்கு ஒன்பது முடிந்த பிறகுதான் தூக்கம் சுத்தமாகப் போய், இங்கே வந்து நிற்கிறாள். தங்கையையாவது காப்பாற்றினோம் என்பது ஒன்றுதான் இத்தனை வருஷமும் அவளுக்கு ஆறுதல்.

தாஜுன்னிசா பேனாவோடு காத்திருந்தாள்.

சொந்தப் பெயரைச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயில் வந்தது தங்கையின் பெயர். பூவாத்தாள் என்றாள். கேட்ட கேள்விக்கெல்லாம், அப்பா பொங்கியண்ணன் பெயரையும் ஊரையும் உள்ளபடியே சொல்லிவிட்டாள்.

சொன்ன கையோடு கூசிப்போனாள். யார் மேல் இந்த அழுக்கு படக் கூடாதென்று வாயைக் கட்டினாளோ, அவள் பெயரையே கொண்டுவந்து இங்கே எழுதக் கொடுத்துவிட்டாள். என்ன ஜென்மம் நான் என்று இருந்தது. மாற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

அதற்குள் தாஜுன்னிசா மரப்பெட்டியில் விரலை ஓட்டி ஓர் அட்டையை உருவிவிட்டாள்.

"போன வருசமே வந்திருக்கீங்களே அம்மணி. புதுசு வேண்டாங்க, பழைய அட்டையே இருக்குது."

ராசாத்தாள் குனிந்து பார்த்தாள். அப்பா பெயர் சரியாக இருந்தது. ஊரும் சரி. வயது மட்டும், போன வருஷக் கணக்குக்கு, அவளைவிட ஆறு குறைவு.

இருபத்துநாலு வருஷம் வாய்மூடி இருந்தது மாமனுக்குத்தான் உதவியிருக்கிறது.

அட்டையின் அடியில் தங்கையின் குண்டுக் கையெழுத்து. அவள் தன் சொந்தப் பெயரையே சொல்லியிருந்தாள்.