நாற்பதும் நூற்றைம்பதும்

"நம்பர் பிளேட் மட்டும் தெரிஞ்சா போதும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பறவையைப் படமெடுத்த ஒருவரின் கேமராவில், ஆளை இடித்துவிட்டு ஓடிய கார் பின்னால் மங்கலாகச் சிக்கியிருந்தது. அடிபட்டவர் பிழைக்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, மங்கலைத் தெளிவாக்கும் ஷார்ப்பனிங்கை மெல்ல ஏற்றினார். இருபது. நாற்பது. கை ஒரு கணம் நின்றது. பிறகு நூற்றைம்பது வரை போனது. விளிம்புகளைத் தடிப்பாக்கும் ரேடியஸையும் கடைசிவரை தள்ளிவிட்டுத் திரையைத் திருப்பினார்.

எண்கள் இருந்த இடத்தில் மணலை வாரி இறைத்தாற்போல் புள்ளிகள்.

"என்னங்க, முன்ன இருந்ததைவிட மோசமா இருக்கு?"

"இதுக்கு மேல ஏத்த முடியாது சார்."

"சரி, உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க." இன்ஸ்பெக்டர் கிளம்பினார்.

ஸ்டுடியோக்காரர் ஷார்ப்பனிங்கை மறுபடி நாற்பதுக்கு இறக்கினார். நான்கு எண்களும் பளிச்சென்று தெரிந்தன. வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

"தம்பி எங்கம்மா?"

"வாசல்ல காரைக் கழுவிட்டு இருக்கான்டா. காலைலேர்ந்து மூணாவது தடவை."

"கழுவட்டும்மா," என்று வைத்துவிட்டார்.