கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

லஸாத் கடைசியாக ஃபர்ஜானியை உயிரோடு பார்த்தது மீன் சந்தையில். நோன்பு மாதம், ஆகஸ்ட் வெயில். கிழவர் ஒரு கை மத்தி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஸி ஃபர்ஜானி, இன்னிக்கு எத்தனை மணிக்கு நோன்பு திறக்கலாம்? சொல்லுங்க, நான் ஒரு நாலு நிமிஷம் கூட்டிக்கிறேன்!" என்று மரியாதைக்கு 'ஸி' போட்டே கூவினார் மீன்கார ஷத்லி.

சந்தையே சிரித்தது.

"நீ அஞ்சு நிமிஷமா கூட்டிக்கோ. உன் தராசு எப்பவும் கொஞ்சம் குறைச்சலாத்தானே காட்டும்" என்றார் ஃபர்ஜானி.

மறுபடி சிரிப்பு. லஸாத்தும் சிரித்து வைத்தார். முப்பத்து மூன்று வருஷமாக அப்படித்தான்.

மூன்று நாள் கழித்து ஃபர்ஜானி தூக்கத்திலேயே போய்விட்டார்.

துக்க வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நோன்பு நேரத்தில் காப்பிக்கு வழியில்லை. வந்தவர்களுக்குப் பேச்சுதான்.

"நம்ம ஊர் வானொலி இருந்த காலம் ஞாபகம் இருக்கா?" என்றார் இமாம்.

யாருக்கு மறக்கும்? விடியற்காலையில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஜன்னலுக்கு ஜன்னல் அதே குரல். இன்றைக்குக் கிழக்குக் காற்று, படகை எடுக்காதீர்கள் என்று சொல்லும். மணமகளுக்கு வாழ்த்துச் சொல்லிப் பாட்டுப் போடும். கதூஜ் வீட்டுப் பழுப்பு ஆடு மூன்று நாளாகக் காணோம், கண்டவர்கள் கட்டி வையுங்கள் என்று கெஞ்சும். நிலையத்தில், ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாடாவைச் சுழலவிட்டபடி லஸாத் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒலிவாங்கியின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார் ஃபர்ஜானி, ஊர் மொத்தமும் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல.

"என்ன குரல்யா அது! அப்புறம் அப்படி ஒண்ணு வரவே இல்லையே" என்றார் ஷத்லி.

"எப்படி வரும்? அவரை மைக்குல இருந்து எடுத்தே ஆகணும்னு மனு எழுதிப் போட்டது நாமதானே" என்றார் இமாம்.

"பின்னே? எழுபத்தொன்பதாம் வருஷம் ஆகஸ்ட் வெயில்ல பதினஞ்சு மணி நேரம் தொண்டை காஞ்சு கிடந்தோம். கடைசி நாலு நிமிஷத்துல பாங்கைப் போட்டு ஊர் நோன்பையே முறிச்சுட்டாரே! அந்த ஒரு நோன்பை மொத்த ஊரும் திரும்ப வச்சுது. ஸி லஸாத், நீங்கதான் அன்னிக்குக் கூட இருந்தீங்க. மனுஷன் எப்படித்தான் கோட்டை விட்டார்?" என்றார் ஷத்லி.

வாசல்படியில் ஃபர்ஜானியின் மனைவி மொஞ்ஜியா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மனுஷன் இதே பழியோடு மண்ணுக்குள் கிடப்பார் என்று லஸாத்துக்குத் தோன்றியது.

"அவர் கோட்டை விடல. நான்தான் விட்டேன்" என்றார்.

இமாம் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"பெருநாள் கழிஞ்சதும் எனக்குக் கல்யாணம். சுவத்துல நோன்பு அட்டவணை தொங்கும். நாளை எண்ணி எண்ணி விரலைக் கீழே கொண்டுபோயிட்டேன். நாலு வரி தள்ளிப் பார்த்துட்டேன். பொழுது நாளுக்கொரு நிமிஷம் சுருங்குற காலம். நாலு வரி, நாலு நிமிஷம். அவர் பேசிட்டு இருக்கும்போதே பாங்கு நாடாவை ஓடவிட்டுட்டேன்."

"அப்போ நாடாவைப் போடச் சொல்லிக் கைகாட்டினது நான்தான்னு அவர் சொன்னாரே?" என்றார் இமாம்.

"நிலைய அதிகாரிகிட்ட அப்படிச் சொன்னார். எனக்குப் பொண்ணு குடுக்க இருந்தவர் ஊரறிஞ்ச கோபக்காரர். நோன்பை முறிச்சவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னுருப்பார். 'எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுடா, இனிமே யாரும் அவளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. உனக்கு இனிமேதானே ஆகணும்'னு ஸி ஃபர்ஜானி எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சார். அடுத்த வாரம் அவரைப் பழைய நாடா அடுக்குற அறைக்கு மாத்திட்டாங்க. ஓய்வு பெறுற வரைக்கும் அங்கேதான் இருந்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே இருந்துட்டேன். போய்ச் சேர்ந்த என் பொண்டாட்டிகிட்டகூட இதைச் சொன்னதில்ல."

இமாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷத்லி எழுந்து வந்து லஸாத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மனசு யாருக்கு வரும்! செத்துப் போனவர் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரே!"

"பழியைப் போட்டுக்கல ஷத்லி. நடந்ததைச் சொல்றேன்."

"போதும் ஸி லஸாத். நல்லதுக்கே ஆனாலும் நோன்பு வாயால பொய் சொல்லக் கூடாது" என்றார் இமாம், கனிவாக.

லஸாத் திகைத்துப்போய் மொஞ்ஜியாவைப் பார்த்தார். "லல்லா மொஞ்ஜியா, நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே!"

மொஞ்ஜியா நிமிர்ந்தார்.

"நீங்க நல்லவர் லஸாத். ஆனா அவர் அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் தன் தப்புதான்னு எங்கிட்டச் சொல்லி அழுதார். எங்கிட்ட அவர் ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்."

லஸாத்தின் வாயில் இன்னும் ஒரு வார்த்தை இருந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் இமாம் நட்பைப் பற்றிப் பேசினார். பேர் சொல்லவில்லை. எல்லாரும் லஸாத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போதெல்லாம் அவர் எவ்வளவு தாமதமாகப் போனாலும் பள்ளிவாசலின் முதல் வரிசையில் அவருக்காக ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.